சாக்கை விரி, அடியில் படு

போடிநாயக்கனூரில் பொழுது விடியும் முன்பே ஜீப்புகள் விழித்துக்கொள்ளும். ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறுகிற வண்டிகள். 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, கேரள எல்லையைத் தாண்டி, தோட்டத்து வாசலில் ஆளை இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றி வரும். அந்த ஓட்டுநர்கள் டீ குடிக்கும் கடைதான் எனக்கும் காலைக் கடை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அக்கா மகன் அந்தக் கடை முன்னால் வந்து இறங்கினான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. எர்ணாகுளத்தில் ஒருவரிடம் 2012 மாடல் மகிந்திரா தார், டீசல், ஃபோர் வீல் வண்டியை விலைக்கு வாங்கி, மூணாறு வழியாக இரவோடு இரவாக ஓட்டி வந்திருக்கிறான். கண் சிவந்திருந்தது. முகத்தில் மட்டும் கல்யாணக் களை.

டீ வருவதற்குள் செல்போனை நீட்டினான். அதில் ஒரு பட்டியல்: எல்.இ.டி. விளக்கு வரிசை, வின்ச், தண்ணீரில் போக ஸ்நார்க்கல், 33 அங்குல டயர், இரும்பு பம்பர்.

“மொதல்ல எதை மாட்டலாம் மாமா?”

“மொதல்ல டீயக் குடி மாப்ள. குடிச்சிட்டு கடைக்காரர்கிட்ட ஒரு பழைய சாக்கு கேட்டு வாங்கு.”

“சாக்கு எதுக்கு?”

“வண்டிக்கு அடியில விரிச்சுப் படுக்க.”

நான் மெக்கானிக் இல்லை. முப்பது வருஷம் தோட்டத்தில் கணக்கு எழுதினவன். மேஸ்திரி கூலியை எழுதிய அதே பேரேட்டில் ஜீப் செலவையும் எழுதியிருக்கிறேன். எந்தச் செலவு தவிர்த்திருக்கக்கூடியது, எது விதி என்று அந்தப் பேரேடு சொல்லிக்கொடுத்தது. பழைய ஃபோர் வீல் வண்டி வாங்குகிறவர்களுக்கு அதிலிருந்து நான் எடுத்துச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: மேலே மாட்டுவதற்கு முன்னால் கீழே பார். முதல் ஆறு மாதம் வண்டிக்கு அலங்காரம் எதுவும் வாங்காதே. வண்டி வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கை எடுத்து வை. அது முழுவதும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் செலவாகும்.

ஜீப் இந்த மலைக்கு ஷோக்குக்காக வந்ததில்லை. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் 1941-இல் பெருமளவில் தயாராகத் தொடங்கிய வில்லிஸ் வண்டியை, மகிந்திரா நிறுவனம் 1947-இல் பம்பாயில் பூட்டிக் கொடுக்க ஆரம்பித்தது. அதன் வழிவந்த எம்.எம். 540, மேஜர், கமாண்டர் எல்லாம் இங்கே சுமை தூக்கியே வயதானவை. 2010-இல் வந்த தார் அந்த வம்சத்துப் பேரன். 2,498 சி.சி. காமன் ரயில் டீசல் இன்ஜின், 105 குதிரைத் திறன். பின்னால் மட்டும் தாத்தா காலத்துப் பட்டை ஸ்பிரிங். மருமகன் வாங்கிய 2012 வண்டியில் ஏ.பி.எஸ். பிரேக்கும் கிடையாது, ஏர்பேக்கும் கிடையாது. சென்னைக் காரில் பழகிய கால் இதை முதல் நாளே மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

முதலில் காகிதம்

அடியில் படுப்பதற்கு முன் ஐந்து நிமிஷம் காகிதம் பார்க்கலாம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் அடித்திருக்கிற எண்ணும் ஒன்றா? சேஸிஸ் எண் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் அப்படியே தாளில் விழும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் செய்வதும் இதைத்தான். எழுத்துகள் கோணலாகவோ, சுற்றிலும் உரசிய தடத்தோடோ இருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

பழைய ஜீப்புகளில் இது கூடுதல் முக்கியம். நீளமான கமாண்டர் சேஸிஸை வெட்டிக் குட்டையாக்கி, 540 என்று விற்பது ரொம்ப காலமாக நடக்கிறது. டூ வீல் வண்டியில் பிற்பாடு ஃபோர் வீல் சாமான் ஏற்றியிருப்பார்கள், ஆர்.சி.யில் அது இருக்காது. ஹரியானாவின் டப்வாலி போன்ற ஊர்களில் புதுப் பாடி கட்டி வரும் ஜீப்புகள் பார்க்கக் கண்ணைப் பறிக்கும். ஆனால் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. முன்பக்க இரும்புக் கம்பித் தடுப்பைத் தடைசெய்யும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. மருமகன் பட்டியலில் பாதி இங்கேயே உதிர்ந்தது.

வெளி மாநில வண்டியானால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30. கடனில் வாங்கிய வண்டியாக இருந்தால், கடன் தீர்ந்ததற்கு 35. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டிலேயே வைத்திருந்தால் தமிழ்நாட்டு எண் வாங்கியாக வேண்டும். சாலை வரியும் அதோடு வரும். விலை பேசும்போதே இதைக் கூட்டிக்கொள்ளாதவர்கள்தான் “மலிவாகக் கிடைத்தது” என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். இன்னொரு கணக்கும் உண்டு: சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம். 2012 வண்டிக்கு 2027-இல் முடியும். பிறகு சோதனைக்குக் காட்டி ஐந்தைந்து வருஷமாக நீட்டிக்க வேண்டும்.

இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உன் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடு. விபத்தில்லாமல் ஓட்டியதற்கான தள்ளுபடி பழைய சொந்தக்காரரோடு போய்விடும், வண்டியோடு வராது. ஆற்றில் இறக்கி இன்ஜினுக்குள் தண்ணீர் போனால், தனியாக அதற்கென்று பணம் கட்டிச் சேர்த்திருந்தால் ஒழிய, சாதாரண பாலிசி இன்ஜின் செலவைத் தராது. காகிதம் இவ்வளவுதான்.

ஐந்து எண்ணெய்

இப்போது சாக்கை விரிக்கலாம். சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வை. இந்த மாதிரி வண்டிக்கு அடியில் போக ஜாக்கி வேண்டாம். தரைக்கும் வண்டிக்கும் அவ்வளவு இடம் இருக்கிறது. ஜாக்கியை மட்டும் நம்பி எந்த வண்டிக்கு அடியிலும் போகாதே.

காரில் எண்ணெய் என்றால் நமக்கு இன்ஜின் ஆயில் ஒன்றுதான் நினைவுக்கு வரும். ஃபோர் வீல் வண்டியில் ஐந்து: இன்ஜின், கியர்பாக்ஸ், அதன் முதுகில் ஒட்டியிருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃப்ரன்ஷியல், பின் ஹவுசிங். முதல் எண்ணெயை எல்லாரும் மாற்றுவார்கள். மற்ற நான்கையும் வண்டி விற்கிறவர் கடைசியாக எப்போது மாற்றினார் என்று கேட்டுப் பார். பெரும்பாலும் “கம்பெனி சர்வீஸ் சார்” என்று பதில் வரும். அதற்கு அர்த்தம், மாற்றவில்லை. ஆகவே வாங்கிய முதல் வாரமே ஐந்தையும் மாற்று. ஆராய்ச்சி வேண்டாம், விவாதம் வேண்டாம்.

மாற்றும்போது ஒரு வரிசை உண்டு. அடியில் வடிக்கும் நட்டைக் கழற்றுவதற்கு முன், மேலே எண்ணெய் ஊற்றும் துளையின் நட்டைக் கழற்று. வயதான வண்டியில் மேல் நட்டு துருப்பிடித்து இறுகியிருக்கும். கீழ் நட்டைக் கழற்றி எண்ணெய் முழுவதையும் வடித்த பிறகு மேல் நட்டு கழன்று வரவில்லை என்றால், எண்ணெய் இல்லாத வண்டி நகராமல் நடுத்தெருவில் நிற்கும். என் பேரேட்டில் இப்படி ஒரு நாள் கூலி எழுதியிருக்கிறேன்.

வடிந்த எண்ணெயைச் சும்மா விடாதே, பார். பழைய கியர் ஆயில் கறுத்திருப்பது இயல்பு, கட்டஞ்சாயா மாதிரி. தீய்ந்த வாடை அடித்தால் அளவு குறைந்து ஓடியிருக்கிறது. பால் டீ மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. பல வண்டிகளில் வடி நட்டின் நுனியில் காந்தம் இருக்கும். அதில் மை மாதிரி சாம்பல் பசை ஒட்டியிருந்தால் கவலை இல்லை. பல் பல்லாகத் துண்டு வந்தால் உள்ளே கிரவுன் பல் உதிர ஆரம்பித்துவிட்டது.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது? வீட்டில் சூடான பாத்திரத்தை மூடிவைத்தால் ஆறிய பிறகு மூடி இறுகப் பிடித்துக்கொள்ளும் இல்லையா? அதே கதைதான். மணிக்கணக்கில் ஓடிவந்த பின் ஹவுசிங் சூடாக இருக்கும். உள்ளே காற்றும் சூடு. அப்படியே ஓடையில் இறக்கினால் இரும்பு சட்டென்று குளிர்ந்து உள்காற்று சுருங்கும். வெளியிலிருந்து எதையாவது இழுக்கும். மூச்சு விடுவதற்கென்று ஹவுசிங்கின் மேல் ஒரு சின்ன பிரீதர் உண்டு. அது சேறு அடைத்துக் கிடந்தாலோ தண்ணீருக்குள் முங்கியிருந்தாலோ, தண்ணீரையே குடிக்கும், அல்லது ஆயில் சீல் வழியாக இழுத்துக்கொள்ளும். பிரீதரில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, பானெட் உயரத்துக்கு ஏற்றிக் கட்டிவிட்டால் முடிந்தது காரியம். ஸ்நார்க்கல் விலையோடு ஒப்பிட்டால் இது டீக்காசு. ஆனால் முதலில் செய்ய வேண்டியது இதுதான். ஸ்நார்க்கல் இன்ஜினுக்கு மட்டும்தான் மூக்கு. மீதி உறுப்புகள் தண்ணீருக்குள்தான் இருக்கின்றன.

படுத்தவாறே இன்னும் சிலவற்றைப் பார். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன்னும் பின்னும் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் பிடித்துத் திருகு. ‘டக்’ என்று ஆட்டம் கேட்டால் யு.ஜே. கிராஸ் தேய்ந்திருக்கிறது. ஓடும்போது கியர் போட்டவுடன் அடியில் ஒரு தட்டு தட்டுவதும் அதுதான். கிராஸிலும் பட்டை மாட்டும் சேக்கிளிலும் கிரீஸ் நிப்பிள் இருந்தால், துடைத்துவிட்டுப் பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை அடி. முன் ஆக்ஸிலின் இரு முனையிலும் மடிப்பு மடிப்பாக ரப்பர் பூட் இருக்கும். அதில் கீறல் இருந்தால் உள்ளே மண் போய் ஜாயின்ட் அரைபட்டுக்கொண்டிருக்கும். பூட் சல்லிசு, ஜாயின்ட் அப்படியல்ல. பட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவு. உடைந்த பட்டை கண்ணை ஏமாற்றும், விரலை ஏமாற்றாது.

கடைசியாக சேஸிஸ். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போ. ‘டங்’ என்றால் இரும்பு. ‘டொக்’ என்றால் துரு. புதிதாகத் தடியாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் அந்த இடத்தில் கூடுதலாகத் தட்டு. கடலோர ஊரில் கிடந்த வண்டிக்கு இது கட்டாயம். சென்னையில் 2015 டிசம்பர், கேரளத்தில் 2018 ஆகஸ்ட் – இந்த வெள்ளங்களில் முங்கிய வண்டிகள் எத்தனையோ கை மாறிவிட்டன. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழு. கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கறை இருந்தால் கதை வெளியே வந்துவிடும். சீட் ஓடும் தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் வண்டல், வயர் முனைகளில் பச்சைப் பூப்பு – எல்லாம் அதே கதையின் அத்தியாயங்கள்.

ஃபோர் வீல் என்றால் என்ன

இரண்டாவது டீ வந்தது. மருமகன் முதுகில் ஒட்டிய தூசியோடு உட்கார்ந்தான்.

“மாமா, நேத்து நைட் மலையில பூரா ஃபோர் வீல்ல போட்டுத்தான் ஓட்டினேன். கிரிப் நல்லா இருக்கும்னு.”

“தார் ரோட்லயா?”

“ஆமா.”

டம்ளரைக் கீழே வைத்தேன்.

தேர் வீதி மூலையில் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். உள்பக்க வடம் பிடித்தவர்கள் நின்ற இடத்திலேயே காலை மாற்றி வைப்பார்கள். வெளிப்பக்க வடத்துக்காரர்கள் ஓட வேண்டும். வளைவில் சக்கரங்களுக்கும் இதே நிலைமை. உள் சக்கரம் குறைந்த தூரம், வெளிச் சக்கரம் கூடுதல் தூரம். இந்த வித்தியாசத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதுதான் டிஃப்ரன்ஷியல். வலது, இடது சக்கரங்களுக்கு நடுவே அது இருக்கிறது. ஆனால் இந்த வகை வண்டியில் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே அப்படி ஒரு பங்காளி கிடையாது. ஃபோர் வீல் போட்டவுடன் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே நுகத்தடியில் பூட்டிய மாடுகளாகிவிடும். வளைவில் முன் சக்கரங்களுக்குப் பின் சக்கரங்களைவிடத் தூரம் அதிகம். ஆனால் நுகத்தடி விடாது. மண்ணிலும் சேற்றிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அந்தக் கணக்கை நேர் செய்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க முடியாது. அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் கிராஸிலும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஏறும். ஸ்டியரிங் கனக்கும், வண்டி முரண்டு பிடிக்கும், கடைசியில் எது பலவீனமோ அது உடையும்.

ஆகவே காய்ந்த தாரில் டூ வீல். மண், சேறு, மணல், ஈரப்புல் என்றால் ஃபோர் வீல் ஹை. செங்குத்து ஏற்றம், பாறை, ஆழ்ந்த மணல், கடும் இறக்கம் என்றால் ஃபோர் வீல் லோ. லோ என்பது ஜாக்கி மாதிரி. நீ இருபது தடவை அடித்தால் வண்டி ஒரு அங்குலம் தூக்கும். வேகத்தைக் கொடுத்து வலுவை வாங்குகிற வியாபாரம். தார் வண்டியில் லோ போட்டால் வேகம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறையும், சக்கரத்துக்குப் போகும் வலு அதே அளவு கூடும். லோ போடும்போது வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கிளட்ச்சை மிதித்துப் போடு. முரட்டுத்தனமாகத் தள்ளாதே. இறங்கவில்லை என்றால் வண்டியை ஒரு அடி நகர்த்திவிட்டுப் போடு. மாதம் ஒருமுறை மண் பாதையில் ஃபோர் வீலில் கொஞ்ச தூரம் ஓட்டு. முன் பக்கத்துக் கியர்களுக்கு எண்ணெய் தடவிக் கொடுப்பது அதுதான். வருஷக்கணக்கில் தொடாத லிவர், தேவைப்படும் அன்று வராது.

இன்னொரு மயக்கத்தையும் தெளிவித்துவிடுகிறேன். டிஃப்ரன்ஷியலுக்கு ஒரு பலவீனம் உண்டு: எந்தச் சக்கரம் சுலபமாகச் சுற்றுகிறதோ அதற்கே சுற்றைக் கொடுத்துவிடும். முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் அந்தரத்தில் தொங்கினால், அவை இரண்டும் காற்றில் சுற்றும். தரையில் இருக்கும் இரண்டும் சும்மா நிற்கும். ஃபோர் வீல் வண்டி அப்படியே நின்றுவிடும். இதைப் பூட்டி வைக்கும் லாக்கர், தார் வண்டியில் 2015-இல்தான் பின் ஆக்ஸிலுக்கு வந்தது. 2012 வண்டியில் இல்லை. அதனால் பள்ளத்தைப் பார்த்து, நாலு சக்கரமும் தரையில் இருக்கும் வழியைத் தேர்ந்தெடுப்பதுதான் உன் லாக்கர். காசில்லாமல் கிடைக்கிற லாக்கர்.

டயரும் காற்றும்

பெரிய டயர் ஆசையைப் பற்றிக் கணக்கப்பிள்ளை பாஷையிலேயே சொல்கிறேன். 235/70 R16 டயரின் உயரம் சுமார் 735 மில்லிமீட்டர், அதாவது 29 அங்குலம். 33 அங்குலம் மாட்டினால் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு கூடுகிறது. ஸ்பீடோமீட்டர் 60 என்று காட்டும்போது நீ 68-இல் போய்க்கொண்டிருப்பாய். இன்ஜின் திணறும், கிளட்ச் தேயும், பிரேக் பிடிக்க நேரமாகும், ஆக்ஸிலுக்குச் சுமை ஏறும். ஏ.பி.எஸ். இல்லாத வண்டியில் பிரேக்கோடு விளையாட வேண்டாம்.

முதலில் இருக்கும் டயரின் வயதைப் பார். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன் நிறைய இருந்தாலும், ஆறு வயதைத் தாண்டி வெடிப்பு விட்ட டயர் மலைக்கு ஆகாது. நான்கும் ஒரே அளவு, ஒரே அளவு தேய்மானம் என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபோர் வீல் போடும்போது நான் சொன்ன நுகத்தடிச் சிக்கல் நேர்ப்பாதையிலேயே வரும். ஸ்டெப்னியும் அதே அளவுதானா என்று பார்.

மணலில் மாட்டினால் முதலில் தேடுவது வின்ச்சை அல்ல, டயர் வால்வை. முப்பது பி.எஸ்.ஐ. இருக்கும் காற்றை இருபது வரை இறக்கினால் டயர் தரையில் நீளமாகப் படியும். ஒட்டகத்தின் பாதம் மாதிரி. புதைந்த வண்டி பல நேரம் அதிலேயே எழுந்து வந்துவிடும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் திரும்ப நிரப்பு. காற்றுக் குறைந்த டயரில் வேகம் போனால் சூடேறி வெடிக்கும். ஆகவே வாங்க வேண்டிய முதல் சாமான் ஒரு காற்று அளக்கும் கேஜும், பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பும்.

ஓட்டப் பழகுவது

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் ஜீப்புகளில் ஒருமுறை பின்சீட்டில் உட்கார்ந்து போய் வா. எட்டாயிரம் அடிக்குக் கிட்டத்தட்ட உயரம்; பாதை என்பது கல் குவியல். ஆனால் அந்த ஓட்டுநர்கள் யாரும் இன்ஜினை உறும விடுவதில்லை. ஏற்றம் தொடங்கும் முன்பே கியரைத் தீர்மானித்துவிடுவார்கள். நடுவில் கியர் மாற்றுவதில்லை, கிளட்ச்சில் காலை வைத்துக்கொண்டிருப்பதில்லை. கட்டைவிரல் ஸ்டியரிங் வளையத்துக்கு வெளியே இருக்கும். கல்லில் சக்கரம் மோதி ஸ்டியரிங் வெடுக்கென்று திரும்பும்போது, உள்ளே நுழைத்த கட்டைவிரல் உடையும்.

இறக்கத்தில் லோ முதல் கியரில் போட்டுவிட்டு காலை எடுத்துவிடு. இன்ஜினே வண்டியைப் பிடித்து இறக்கும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது காய்ந்து பிடிக்காமல் போகும். நியூட்ரலில் இறக்குவது தற்கொலை. ஏற்றத்தில் பாதியில் நின்றுவிட்டால், வண்டியைத் திருப்ப நினைக்காதே; குறுக்கே நின்ற வண்டி உருளும். பிரேக் பிடித்து, ரிவர்ஸ் போட்டு, வந்த தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்கு.

தண்ணீர் வந்தால் இறங்கி, முதலில் கால்நடையாக நட. உன்னால் நடக்க முடியாத தண்ணீரில் வண்டியை விடாதே. புதிதாகப் பழகுகிறவருக்குச் சக்கரத்தின் நடுப்பகுதிதான் எல்லை. ஓடும் வெள்ளமானால் அதுவும் கூடாது. இரண்டடி ஓட்டம் பெரும்பாலான வண்டிகளை இழுத்துப்போய்விடும். நடுத் தண்ணீரில் இன்ஜின் நின்றால் திரும்ப ஸ்டார்ட் பண்ணாதே. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் ஒரே சுற்றில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கரையேறியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் போனால் ஈரம் காயும்.

மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும்போதுதான் உயிர் போகிற விபத்துகள். சேஸிஸில் போல்ட் போட்டு மாட்டிய கொக்கியில் மட்டும் கட்டு. பம்பரிலோ டிரெய்லர் குமிழிலோ கட்டாதே. கம்பிக் கயிறானால் நடுவில் ஈரச் சாக்கைத் தொங்கவிடு. அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பும் கயிற்றைச் சாக்கின் கனம் கீழே இறக்கும். கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. இதெல்லாம் தெரிந்த ஒருவர் ஓட்டும் இரண்டாவது வண்டி கூட வராமல் பாதை இல்லாத இடத்துக்குப் போகாதே.

பாதை இல்லாத இடம் எது என்பதிலும் விவரம் வேண்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டி விடுவது குற்றம். இங்கே மேகமலைக் காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூரோடு சேர்ந்த புலிகள் காப்பகம். ஓடையும் சதுப்பும் நமக்கு விளையாட்டுத் திடல் இல்லை. டயர் கிழித்த தடத்தில் அடுத்த மழை வாய்க்கால் வெட்டும். பழக வேண்டுமா, யாராவது சொந்தக்காரர் தென்னந்தோப்பில் கேட்டுப் பழகு.

நிறம்

வெயில் ஏறியதும் தெரிந்த பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனோம். மெக்கானிக் மேல் நட்டை முதலில் கழற்றினார். மருமகன் என்னைப் பார்த்தான். டிரான்ஸ்ஃபர் கேஸ் எண்ணெய் கறுப்பு. முன் டிஃப்ரன்ஷியல் கறுப்பு. பின் ஹவுசிங்கின் வடி நட்டைத் திறந்ததும் சட்டிக்குள் விழுந்தது கடைப் பால் டீ.

“வித்தவரு தண்ணியில எறக்கினதே இல்லன்னு சொன்னாரு மாமா.”

“அவர் எறக்கியிருக்க மாட்டாரு. அவருக்கு வித்தவரு எறக்கியிருப்பாரு.”

பிரீதரைக் கழற்றிப் பார்த்தார் மெக்கானிக். செம்மண் இறுகிக் கல்லாகியிருந்தது. நல்லவேளை, பேரிங்கில் துரு ஏறவில்லை. கழுவி, புது எண்ணெய் ஊற்றி, சீல் மாற்றி, மூச்சுக் குழாயை உயரே ஏற்றிக் கட்டினார். ஒரு கிராஸ் மாற்ற வேண்டியிருந்தது. ஒரு பூட் கிழிந்திருந்தது. ஸ்டெப்னி 2012-ஆம் வருஷத்தது, வண்டியோடு பிறந்தது. மத்தியானத்துக்குள் எடுத்து வைத்த பத்தில் ஒரு பங்கில் பாதி போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் வண்டியில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

சாயங்காலம் சென்னைக்குக் கிளம்பும்போது கடைக்காரர் சாக்கைக் கேட்டார். மருமகன் அதை மடித்துப் பின்சீட்டுக்கு அடியில் வைத்திருந்தான். எடுத்துக் கொடுப்பான் என்று நினைத்தேன். பையில் கையை விட்டுப் பத்து ரூபாயை எடுத்து நீட்டினான்.

“இருக்கட்டும்ணே. இதை நானே வச்சுக்கிறேன்.”